ஒரு பகல், ஒரு நகரம், ஒரு வழிகாட்டி

மத்திய தரைக்கடலில் ஓடும் சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் காலை ஏழெட்டு மணிக்குத் துறைமுகத்தைத் தொட்டு, மாலை ஐந்தாறு மணிக்குக் கிளம்பிவிடும். இடையில் கிடைக்கும் பகலில் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, ஒரு வழிகாட்டியின் பின்னால் நடக்கவிட்டு, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய நகரம் ஒன்றைக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். விமானத்தில் போய் விடுதியில் தங்குகிறவர்களும் பக்கத்து ஊர்களை இப்படித்தான் பார்த்து வருகிறார்கள். ஊர் ஊராக அலைந்து பழகியவர்களுக்கு இந்த ஒருநாள் சுற்றுலாவின் மேல் மதிப்பு கிடையாது. மந்தையோடு மந்தையாகப் போய்ப் படம் எடுத்துவிட்டு வருவது என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஏளனம் நியாயமில்லை என்பது என் கட்சி. இந்தக் கடலோர நகரங்களைப் பொறுத்தவரை, நல்ல வழிகாட்டியோடு கழியும் ஒரு பகல், வழிகாட்டி இல்லாத ஒரு வாரத்தைவிட அதிகம் தரும். ஒரே நிபந்தனை, அந்தப் பகல் முழுதும் ஒரே ஊருக்கு உரியதாக இருக்க வேண்டும்.

குரோஷியாவின் ஸ்பிளிட் நகரத்தைப் பாருங்கள். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 305இல் தாமாகவே பதவியைத் துறந்து, தாம் பிறந்த டால்மேஷியக் கரைக்குத் திரும்பி வந்து வாழ்வதற்காகக் கட்டிய அரண்மனைதான் இன்று அந்த ஊரின் நடுப்பகுதி. அரண்மனை என்றதும் ஆளில்லாத மாளிகையைத் தேடிப் போகிறவருக்கு அங்கே குழப்பம்தான் மிஞ்சும். மதிலுக்குள் கொடியில் துணி காய்கிறது. காப்பிக் கடைகள் இருக்கின்றன. ரோமானியச் சுவரில் சன்னல் வெட்டிக் குடியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த சலோனா நகரம் ஏழாம் நூற்றாண்டில் அழிந்தபோது, தப்பி வந்தவர்கள் இந்த மதிலுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. கடலைப் பார்த்த தெற்கு வாசலில் நுழைந்தால் முதலில் வருவது அடித்தள மண்டபங்கள். நடுக்கூடத்தில் இரண்டு பக்கமும் நினைவுப்பொருள் கடைகள் இருப்பதால், முக்கால்வாசிப் பேர் அதைக் கடைவீதி என்று நினைத்துப் படியேறி மேலே போய்விடுவார்கள். அந்த இடத்தில் கையைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். தரை கடல் பக்கம் சரிவதால், மேலே பேரரசரின் அறைகள் சமமாக அமைவதற்காகக் கீழே இந்த மண்டபங்களை எழுப்பினார்கள். மேலே சுவர் இருந்த இடத்தில் கீழேயும் சுவர்; மேலே வட்டமான அறை என்றால் கீழேயும் வட்டம். மேல்தளத்தில் பெரும்பகுதி போய்விட்டது. கீழ்த்தளம் பிழைத்ததற்குக் காரணம் குப்பை. இடைக்காலத்தில் மேலே குடியிருந்தவர்கள் தரையில் ஓட்டை போட்டுக் கழிவையெல்லாம் உள்ளே தள்ளிவிட, அது நூற்றாண்டுக் கணக்கில் நிரம்பி இறுகி, மண்டபங்களை எவர் கையும் படாமல் காத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதை அள்ளி வெளியேற்றிய பிறகுதான், பேரரசர் விருந்துண்ட கூடம் எந்த வடிவத்தில் இருந்தது என்பதே உலகத்துக்குத் தெரிந்தது. இத்தனையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்ல ஆளில்லாவிட்டால் ஐந்து நாள் அங்கேயே சுற்றினாலும் கண்ணில் படுவது ஈரம் படிந்த கல்லும் காந்த வில்லைகள் விற்கும் கடையும்தான்.

படியேறி வெளியே வந்தால் தூண்கள் சூழ்ந்த முற்றம். எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்க்ஸ் ஒன்று ஓரமாகப் படுத்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எட்டுப் பட்டையாக நிற்கும் கட்டடம் டயோக்ளீஷியன் தமக்கென்று கட்டிக்கொண்ட கல்லறை. கிறிஸ்தவர்களை 303ஆம் ஆண்டு முதல் வேட்டையாடிய பேரரசர் அவர். சலோனாவின் ஆயர் டோம்னியஸ் அந்த வேட்டையில்தான் உயிர் இழந்தார். இன்று அந்தக் கல்லறை புனித டோம்னியஸ் பேராலயம். பேரரசரின் உடல் அங்கே இல்லை. அவர் ஆட்சியில் பலியானவரின் பெயரில் வழிபாடு நடக்கிறது. கொன்றவருக்கும் கொல்லப்பட்டவருக்கும் இடையே காலம் செய்த கணக்கு இவ்வளவு பச்சையாகக் கல்லில் நிற்கும் இடங்கள் உலகில் அதிகம் இருக்காது. அந்தக் கணக்கை யாராவது சொன்னால்தான் அது தெரியும்.

மத்திய தரைக்கடலின் தென்கரையில், துனிசியாவின் துனிஸ் நகரமும் இதையே சொல்கிறது. துனிஸிலிருந்து லா குலெட் வழியாக லா மார்சா போகும் சிறிய ரயிலில் ஏறினால், ‘கார்த்தேஜ் ஹானிபல்’ என்றே ஒரு நிலையம் வரும். ரோமை எதிர்த்துப் போரிட்ட கார்த்தேஜ் படைத்தலைவர் ஹானிபலின் ஊரை எதிர்பார்த்து இறங்குகிறவர் கடலோரத்தில் காண்பது அன்டோனைனஸ் குளியல் மாளிகை. கனத்த தூண்களும் வளைவுகளும் நிறைந்த அந்த இடிபாட்டைப் பார்த்து, இங்கேதான் ரோமானியர் குளித்தார்கள் என்று எண்ணுவது இயல்பு. அது தவறு. கண்ணுக்குத் தெரிவது அடித்தளம் மட்டுமே. குளித்த கூடங்கள் அதற்கு மேலே இருந்து மறைந்துபோயின. மறுபடி நிமிர்த்தி வைத்திருக்கும் ஒற்றைத் தூணைக் காட்டி, கூரை இதற்கும் மேலே இருந்தது என்று ஒருவர் சொல்லும்போதுதான் கட்டடத்தின் அளவு உறைக்கும். அதற்கான தண்ணீர் சகுவான் மலையிலிருந்து 130 கிலோமீட்டருக்கும் நீண்ட கால்வாயில் வந்தது. அதே கார்த்தேஜில் உள்ள பிர்சா குன்றின் கதை இன்னும் ஆழம். கி.மு. 146இல் கார்த்தேஜை எரித்த ரோமானியர், பின்னாளில் அதே இடத்தில் தங்கள் நகரத்தை அமைத்தபோது குன்றின் உச்சியைச் சீவி, அந்த மண்ணைச் சரிவுகளில் தள்ளினார்கள். தள்ளிய மண்ணுக்கு அடியில் ஹானிபல் காலத்து வீடுகள் தெருவோடு அப்படியே கிடந்தன. இருபதாம் நூற்றாண்டு அகழாய்வில் அவை வெளியே வந்தன. வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டியைக்கூட இன்று பார்க்கலாம். அழிக்க வந்தவர்களின் மண்வெட்டியே அழிந்ததைப் பத்திரப்படுத்தியிருக்கிறது. இனி துனிஸின் பழைய நகருக்குள் சைத்தூனா பள்ளிவாசல் வரை நடந்தால், அதன் தொழுகைக் கூடத்தைத் தாங்கும் தூண்களில் பல, கார்த்தேஜின் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்தவை என்று தெரியவரும். கார்த்தேஜை நிறுவிய பீனிசியர், ரோமானியர், அரபியர் என்று மூன்று காலமும் ஒரே பகலில் கோத்து வருகிறது.

வழிகாட்டிகள் கதை விடுவார்கள் என்பது பலரும் சொல்லும் குறை. விடுகிறார்கள் என்பது உண்மை. கார்த்தேஜை அழித்த ரோமானியர் இனி புல்கூட முளைக்கக் கூடாது என்று நிலத்தில் உப்பைக் கொட்டி உழுதார்கள் என்பது அதில் மிகப் பிரபலமான கதை. அந்தக் காலத்து எழுத்தாளர் ஒருவர்கூட உப்பைப் பற்றிச் சொல்லவில்லை. மிகப் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சேர்க்கை அது. யோசித்துப் பார்த்தாலும் பொருந்தாது, ஏனென்றால் அதே மண்ணைச் சுற்றியிருந்த ஆப்பிரிக்க மாகாணம்தான் பிற்பாடு ரோம் நகருக்குச் சோறு போட்டது. ஆனால் இந்தக் கதை பாடப்புத்தகங்களிலும் வந்தது, பேராசிரியர்களின் எழுத்திலும் வந்தது. வழிகாட்டியை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. கிரீஸ், இத்தாலி, குரோஷியா, துனிசியா எல்லாம் வழிகாட்டிகளுக்கு உரிமம் கேட்கும் நாடுகள். பயிற்சி பெற்ற, தேர்வு எழுதிய ஆட்கள் இருக்கிறார்கள். உப்பு விஷயம் உண்மையா என்று கேட்டுப் பார்த்தால் நல்ல வழிகாட்டி யார் என்பது தெரிந்துவிடும். தயங்காமல் இல்லை என்று சொல்லி, ரோமானியர் ஏன் அங்கேயே திரும்பி வந்து குடியேறினார்கள் என்று விளக்குகிறவரோடு நாள் முழுக்க நடக்கலாம்.

கையில் போன் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு என்பது இந்தக் காலத்துக் கேள்வி. பதிவுசெய்த குரலைக் காதில் மாட்டிக்கொண்டு நடக்க ஏற்பாடு எல்லா ஊரிலும் இருக்கிறது; தனிமை விரும்புகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் அந்தக் குரலுக்கு நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று தெரியாது. குழந்தை களைத்துவிட்டதும், முட்டி வலிக்கும் பெரியவர் படியைப் பார்த்து மலைப்பதும் தெரியாது. ஸ்பிளிட்டில் பிறந்து வளர்ந்த பெண்மணி, தம் வீட்டுச் சமையலறைச் சுவரே ரோமானியர் கட்டியது என்று சொன்னால் அதற்கு இணையான தகவல் எந்தச் செயலியிலும் கிடைக்காது. தவிர, அவருக்குக் கொடுக்கும் கூலி அந்த ஊரிலேயே தங்குகிறது.

ஒரு பகல் போதாது என்ற வாதத்துக்கு வருவோம். போதாதுதான், ரோமுக்கு ஓர் ஆயுள்கூடப் போதாது. கேள்வி அதுவல்ல. பத்து நாள் விடுப்பு எடுத்து, சேமிப்பை உடைத்து, விசா வாங்கி வரும் குடும்பத்துக்கு, ஒரு பகலை விட்டால் கிடைப்பது ஒரு வாரமல்ல, ஒன்றுமே இல்லை. அந்த ஒரு பகலைச் சிதறடிப்பதுதான் பிழை. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் இறங்கும் பயணிகளுக்கு ஃபுளோரன்ஸ், பீசா இரண்டையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சுற்றுலாக்கள் விற்கிறார்கள். ஃபுளோரன்ஸ் மட்டுமே அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். போக, வர, நடுவில் பீசாவுக்குத் திரும்ப என்று பேருந்திலேயே நாளின் பெரும்பங்கு கரைந்துவிடும். பீசாவில் சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் ஒரு படம், ஃபுளோரன்ஸில் பேராலயத்தின் வெளிச்சுவர், அவ்வளவுதான். பீசாவில் மட்டும் இறங்கியிருந்தால் கோபுரம் ஏன் சாய்ந்தது, கட்டி முடிக்க ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஏன் ஆயிற்று, ஒரு காலத்தில் கடலை ஆண்ட ஊர் ஏன் கடலைவிட்டு விலகிப்போனது என்பதெல்லாம் ஒரே கதையாக விளங்கியிருக்கும். ஒருநாள் சுற்றுலாவுக்கு வந்த கெட்ட பெயர் பெரும்பாலும் இந்த இரட்டை நகரப் பேராசையால் வந்தது.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும் ஒரு குற்றச்சாட்டு மிஞ்சுகிறது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஒருநாள் பயணிகள் இந்த நகரங்களை மூச்சுத் திணற வைக்கிறார்கள்; இரவு தங்காததால் ஊருக்கு வருமானமும் குறைவு. வெனிஸின் பழைய நகரில் 1950களின் தொடக்கத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்தார்கள். இப்போது ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. வீடுகள் விடுதியாகின்றன, மளிகைக் கடை முகமூடிக் கடையாகிறது. வெனிஸ் நிர்வாகம் 2024 ஏப்ரல் 25 முதல் நெரிசல் நாள்களில் ஒருநாள் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. விமானச் சீட்டுக்கும் கப்பலுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்தவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போக மாட்டார். அது கூட்டத்தைக் குறைக்கும் வழி என்று எனக்குப் படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த இன்னொரு விதிக்கு அவ்வளவு விளம்பரம் கிடைக்கவில்லை, ஆனால் அதுதான் சரியான இடத்தில் கைவைத்தது. வழிகாட்டிக் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்பது அந்த விதி. குரோஷியாவின் டுப்ரோவ்னிக் இன்னும் ஒரு படி முன்னே போய்க் கப்பல் நிறுவனங்களோடு பேசி, ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் நிற்காதபடி அட்டவணையையே மாற்றியது. ஐந்து கப்பல் ஒரே காலையில் வந்து பத்தாயிரம் பேரை ஒரே வாசலில் இறக்கினால், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் நெரிசல்தான். நெரிசலின் வேர் அட்டவணையில் இருக்கிறது. இதே டுப்ரோவ்னிக், ரகூசா என்ற பெயரில் தனிக் குடியரசாக இருந்த 1377இல், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் முப்பது நாள் ஊருக்கு வெளியே காத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. யார், எப்போது, எத்தனை பேர் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது துறைமுக நகரங்களின் பழைய உரிமை. அதை அவை மறுபடி கையில் எடுப்பதை வரவேற்க வேண்டியவர்கள் பயணிகளே. 25 பேர் உள்ள குழுவில் வழிகாட்டியின் குரல் கடைசி ஆளுக்கும் கேட்கும். ஐம்பது பேரில் கேட்காது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. குழுவில் எத்தனை பேர்? வழிகாட்டி உரிமம் பெற்றவரா, அதே ஊர்க்காரரா, அல்லது கப்பலோடு வருகிறவரா? பேருந்துப் பயணம் போக, கால் தரையில் படும் நேரம் எவ்வளவு? ஸ்பிளிட் என்றால் அடித்தள மண்டபங்களின் நுழைவுச்சீட்டு சேர்ந்திருக்கிறதா? துனிஸ் என்றால் பிர்சா குன்றின் வீடுகள் உண்டா, அல்லது குளியல் மாளிகையோடு சரியா? கம்பளக் கடை, தோல் கடை என்று நடுவில் நிறுத்துவார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு ஏற்பாட்டைத் தேடுவது நல்லது, ஏனென்றால் தரகுக்காகக் கடையில் உட்காரவைக்கும் முக்கால் மணி நேரம் சைத்தூனாவுக்கு உரிய முக்கால் மணி நேரம். விலை குறைந்த சுற்றுலாக்கள் பலவும் அந்தத் தரகை நம்பித்தான் விலையைக் குறைக்கின்றன. நாலு பேர் சேர்ந்து உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு அமர்த்திக்கொண்டால் தலைக்கு ஆகும் செலவு பல ஊர்களில் கப்பலில் விற்கும் சுற்றுலாவைவிடக் குறைவாகவே வரும்; மீதி அரை நாளைக்கு அவரிடமே கேட்டுக்கொண்டு, அவர் சொல்லும் தெருவில் தனியாக நடக்கலாம்.