உங்களுக்குத் தெரியுமா? உறையே சொல்லும், உள்ளே என்ன பாட்டு என்று!

'பூம்புகார்' படம் வந்த 1964 வாக்கில், இசைத்தட்டு உறையைப் பார்த்தாலே பாட்டின் ரகம் பெரும்பாலும் தெரிந்துவிடும். சினிமா என்றால் படத்தின் ஸ்டில், கச்சேரி என்றால் வித்வானின் முகம், பக்தி என்றால் சாமி படம்.

அதற்கு முந்தைய, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளுக்குப் பெரும்பாலும் நடுவே வட்ட ஓட்டை போட்ட காகித உறைதான். ஓட்டை வழியே தெரியும் லேபிளே அடையாளம். கிராப்புத் தலையும் ஷெர்வானியுமாக மேடையேறிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடி ராகத்துக்கும் அப்படியொரு உறையா! உறைக்கு ஓவியம் தீட்டும் வழக்கத்தை 1940 வாக்கில் பரப்பியவர், அமெரிக்காவின் கொலம்பியா நிறுவன வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்.

உறை ரகத்தைச் சொல்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு: சீர்காழி கோவிந்தராஜன் (1933–1988) சினிமா, கர்நாடக இசை, பக்தி மூன்றும் பாடியவர். குரல் ஒன்றுதான்; ஆனால் முருகன் பாட்டுக்கு வேலும் மயிலும், சினிமா பாட்டுக்குக் கதாநாயகன் முகமும் உறைக்கு வந்துவிடும்.

12 அங்குல எல்.பி. இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தில் ராகம், தாளம், பக்கவாத்தியக்காரர் பெயர் எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. கேசட் வந்ததும் அட்டை உள்ளங்கையளவு சுருங்கி, எழுத்துகள் எறும்பு வரிசையாகிவிட்டன.