கேட்டறிந்து செய்யும் நலப்பணி

சுகாதாரப் பிரசாரம் என்றதும் சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் சொற்பொழிவுமே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் அறியாதவர்கள், எடுத்துரைத்தால் திருந்துவார்கள் என்பது நம்மிற் பலரது எண்ணம். இவ்வெண்ணம் எவ்விடத்தும் பொருந்தாது என்பதை மெய்ப்பித்தது நம் அண்டையிலுள்ள நிலையம் ஒன்று.

மல்லேஸ்வரத்தின் 560003 என்னும் அஞ்சல் எண்ணையே கொண்டு, பெல்லாரிச் சாலையில் அமைந்திருப்பது தேசியக் காசநோய் நிலையம். 1960-இல் பிரதமர் நேரு அவர்கள் அதனைத் திறந்து வைத்தார்கள். நாடு முழுமைக்கும் காசநோய்த் தடுப்புத் திட்டம் வகுப்பது அதன் தலையாய பணியாயிருந்தது. திட்டத்தை வகுக்கையில் அந்நிலையத்தார் தும்கூர் மாவட்டத்தில் நோயுற்றோரை நேரிற் கண்டு வினவினர். தேபபார் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் ஆகிய இருவரது அவ்வாராய்ச்சி 1963-இல் வெளியாயிற்று.

அவர்கள் கண்டது யாது? நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் தோன்றிய குறிகளை உணர்ந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவ நிலையங்களின் படியும் ஏறியிருந்தனர். ஆயின், அங்கே பலருக்கு இருமல் மருந்து ஒரு புட்டி கிடைத்ததேயன்றி நோய் கண்டறியப்படவில்லை. நாடிச் சென்ற இடத்திலேயே குறை இருந்தது. ஆராய்ச்சி அச்சேறுமுன்பே, 1962-இல் உருவான தேசியத் திட்டத்திற்கு இவ்வுண்மை துணையாயிற்று. இருமலுடன் தாமே வருவோரின் சளியைப் பொது மருத்துவ நிலையங்களிலேயே சோதிப்பது அத்திட்டத்தின் அடிப்படையாயிற்று.

நம் சங்கங்களுக்கும் இதிற் பாடமுண்டு. முகாம் நடத்துமுன் வீடுதோறும் சென்று கேட்போம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் உடையோர் எத்தனை பேர்? அவர்கள் எங்குச் சென்றனர்? சளி சோதிக்கப்பட்டதா? தடையாயிருந்தது வேலை நேரமா, கன்னடம் பேச இயலாமையா, அக்கம்பக்கத்தார் அறிவரே என்னும் அச்சமா? பெயர்களை மறைவாகவே காப்போம்.

தடைக்கேற்பவே பணி அமைதல் வேண்டும். மொழி தடையெனில், துண்டுப் பிரசுரத்தினும் உடன்செல்லும் தொண்டரே உதவுவார். நேரம் தடையெனில், திரட்டிய கணக்கோடு மருத்துவமனை அதிகாரிகளிடம் மனுச் செய்வோம். கணக்கோடு வரும் மனுவை எளிதில் ஒதுக்க இயலாது.

கூட்டத்திற்கு வந்தோரை எண்ணி மகிழ்ந்து ஓய்ந்துவிடுதல் கூடாது. ஓராண்டு கழித்து அதே வீடுகளுக்குச் செல்வோம். சோதித்துக்கொண்டோர் எத்தனை பேர், நோய் கண்டோருள் மருந்தை மருத்துவர் சொன்ன காலம்வரை விடாது உண்டு முடித்தோர் எத்தனை பேர் என்று முன்னைய கணக்கோடு ஒப்பிடுவோம். உயர்வு இல்லையேல் முறையை மாற்றுவோம்.

அதுகாறும், இருமல் நீடிக்கும் அன்பர்கள் காத்திருக்க வேண்டா. அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. இருமல் மருந்து மட்டும் தந்தால், சளியைச் சோதிக்குமாறு தயங்காமற் கேளுங்கள்.