பேராதனையிலிருந்து மலையேற ஒரு பாவித்த மோட்டார் சைக்கிள்

கொழும்பு–கண்டி வீதியிலிருந்து ஏ5 வீதி பேராதனையில் பிரிகிறது. கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறி, ஏறத்தாழ 70 கிலோமீற்றரில் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அது அடைகிறது. பேராதனையின் உயரமோ 500 மீற்றருக்கும் குறைவு. வார நாட்களில் கண்டி நெரிசலில் ஊர்ந்து வேலைக்குப் போகவும், வார இறுதியில் இருவரையும் பையையும் சுமந்து இந்த ஏற்றத்தைக் கடக்கவும் ஒரே வண்டி போதுமா என்பதே இங்கு பாவித்த மோட்டார் சைக்கிள் தேடுபவரின் கேள்வி.

100 சிசி வண்டி நகரத்துக்குச் சிக்கனம். றம்பொடை வளைவுகளில் இருவரோடு திணறும். 411 சிசி ஹிமாலயன் போன்றவை மலைக்கு ஏற்றவை. ஆனால் இருநூறு கிலோவை நெருங்கும் எடையை நாள்தோறும் நெரிசலில் தள்ளிக்கொண்டிருப்பது கை கால்களைச் சோரவைக்கும். பல்சர், எஃப்ஸி, அவெஞ்சர் போன்ற 150 முதல் 220 சிசி வண்டிகளே இரண்டு வேலைக்கும் பொருந்துகின்றன. அதிவேக வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் உச்ச வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். 100 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஏ1 அனுமதிப்பத்திரம் போதாது. ஏ வகுப்பு வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கம் வரை நீடித்ததால், பாவித்த வண்டிகளின் விலை வெகுவாக ஏறியது. தேய்ந்த வண்டிகளும் மெருகேறிச் சந்தைக்கு வந்தன. ஆகவே மீட்டர் காட்டும் தூரத்தை அப்படியே நம்பக்கூடாது.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போவது நல்லது. நீலப் புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். சமதரையில் ஓட்டிப் பார்ப்பதால் அதிகம் தெரியாது; பல்கலைக்கழகத்தைக் கடந்து கலஹாவுக்கு ஏறும் வீதியே சரியான இடம். ஏற்றத்தில் எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். பழைய பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகி, லீவர் இளகிவிடும். எஞ்சினில் எந்தக் கோளாறும் இவ்வளவு ஆபத்தானதல்ல. பிரேக் ஒயில் கறுத்திருந்தால் வாங்கியவுடன் மாற்ற வேண்டும். இறங்கும்போது தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க விடுவது பிரேக்கைக் காக்கும். டயரில் உள்ள நான்கு இலக்கம் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ தேயாமல் இருந்தாலும் முதிர்ந்த ரப்பர் மழையில் வழுக்கும்.

பத்திரங்களில் காட்டும் அவசரமே பலரைச் சிக்கவைக்கிறது. பதிவுப் புத்தகத்திலுள்ள சேசி, எஞ்சின் இலக்கங்களை வண்டியில் பொறித்தவற்றோடு ஒப்பிட வேண்டும். பெயர் மாற்றாமல் 'ஓப்பன் பேப்பரில்' கைமாறிய வண்டியில், பதிவிலுள்ள உரிமையாளரைத் தேடிப் பிடிக்கும் பாடு புதியவர் தலையில் விழும். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. லீசிங் நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் இருந்தால், மீதிக் கடனை அந்த நிறுவனத்திலேயே கட்டி, விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பின்னரே விற்பவருக்கு எஞ்சிய பணத்தைக் கொடுக்க வேண்டும்.