ஒரு கணினி, நான்கு கணக்கு

எங்கள் வீட்டில் ஒரே ஒரு விண்டோஸ் கணினி. அப்பா, மனைவி, மகள், நான் என நான்கு பேருக்கும் தனித்தனிக் கணக்கு. போன மாதம் சி டிரைவின் நீலப் பட்டை சிவப்பாகிவிட்டது. இடம் பத்து சதவீதத்துக்கும் கீழே போனால்தான் அந்தச் சிவப்பு வரும். யாரும் பெரிதாக எதையும் ஏற்றவில்லையே என்று தேடிப் பார்த்தால், வீடியோவில் பேசும் ஒரே மென்பொருள் நான்கு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மென்பொருளை நிறுவும்போது 'எல்லோருக்குமா, எனக்கு மட்டுமா' என்று ஒரு கேள்வி வரும். நாம் படிக்காமலே நெக்ஸ்ட்டை அழுத்திவிடுகிறோம். 'எல்லோருக்கும்' என்றால் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் ஒரே பிரதி. அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். 'எனக்கு மட்டும்' என்றால் பெரும்பாலும் அவரவர் கணக்கிலுள்ள ஆப்டேட்டாவுக்குள் போய்விடும். அனுமதி கேட்காது என்பதால் பிள்ளைகளுக்கு அதுதான் சுலபம். ஆனால் 300 எம்பி மென்பொருளை நான்கு பேர் இப்படி நிறுவினால் 1,200 எம்பி போயிற்று. ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர், கண்ணிலும் படாது. சில மென்பொருள்கள் கேட்காமலே அங்கே குடியேறிவிடும். விஷுவல் ஸ்டுடியோ கோடு போன்றவற்றுக்கு யூசர், சிஸ்டம் என்று இரண்டு இன்ஸ்டாலர் உண்டு. பலர் புழங்கும் கணினிக்கு சிஸ்டம்தான் சரி.

இந்த இடநெருக்கடி இன்று வந்ததல்ல. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-11 கணினியில் யூனிக்ஸை வளர்த்தபோது முதல் டிஸ்க் நிரம்பிவிட்டது. பயனர்களின் கோப்புகளுக்காக 'யுஎஸ்ஆர்' என்று வைத்திருந்த இரண்டாவது டிஸ்க்கில் நிரல்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். பயனர்களுக்குப் பின்னாளில் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. இன்றும் லினக்ஸில் பொது மென்பொருள்கள் யுஎஸ்ஆரிலும் அவரவர் கோப்புகள் ஹோமிலும்தான் இருக்கின்றன. மென்பொருள் பொதுவில், கோப்பு தனியில் என்ற இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ரீசைக்கிள் பின்னும் ஆளுக்கொன்று என்பது பலருக்குத் தெரியாது. என்னுடையதை நான் காலி செய்தாலும் மகள் அழித்த சினிமா டிஸ்க்கிலேயே கிடக்கும்.

நான்கு கணக்கிலும் நுழைந்து நான்கு பிரதிகளையும் நீக்கினேன். பிறகு அட்மின் கணக்கிலிருந்து 'எல்லோருக்கும்' என்று ஒரே ஒரு முறை நிறுவினேன். ரீசைக்கிள் பின்னையும் பார்த்துவிடலாம் என்று அப்பா வந்து தன் பாஸ்வேர்டைத் தட்டினார். பென்டிரைவில் ஏற்றிய பிறகு அவர் அழித்திருந்த கல்யாண வீடியோ, 11 ஜிபி, அவருடைய ரீசைக்கிள் பின்னில் அப்படியே கிடந்தது.