சூட்டைக் குறைத்தவருக்கு உரிமை உண்டு

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் அனல் வீசும் இடம் கியூரிங் மெஷின்தான். பிக்மென்ட்டுக்குப் பருத்தியில் தானாக ஒட்டும் குணம் கிடையாது. அதைத் துணியில் பிடித்து வைப்பது பைண்டர் என்ற அக்ரிலிக் பால்மம். தண்ணீர் ஆவியானதும் அது மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் சலவையைத் தாங்க வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைய வேண்டும். அதற்குத்தான் 150 டிகிரியில் சில நிமிடங்கள். அவசரப்பட்டு எடுத்த பனியனில் படம் சில சலவைகளிலேயே வெளிறிவிடும்.

வழக்கமான பைண்டர்கள் பலவற்றில் இந்தப் பிணைப்புக்கு உதவுவது என்-மெத்திலால் அக்ரிலமைடு. கூடச் சேர்க்கும் டிஏபி (டைஅமோனியம் பாஸ்பேட்) உப்பு சூட்டில் அம்மோனியாவை விட்டு அமிலமாகி வினையை முடுக்குகிறது. அப்போது ஃபார்மால்டிஹைடும் வெளியேறுகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. மெஷின் வாயில் ஷிப்ட் முழுக்க நிற்கிற தொழிலாளி மூச்சில் இழுப்பது இதைத்தான். இந்தச் சூட்டையும் வாயுவையும் குறைக்க வழி கண்டவர் காப்புரிமை கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் கார்போடைஇமைடு போன்ற குறைந்த சூட்டுப் பிணைப்பான்கள் ஏற்கெனவே தெரிந்தவை. “அதைப் பைண்டரில் கலந்தேன்” என்பது மட்டும் எடுபடாது. தனித்தனிக் குணங்களின் கூட்டாக மட்டுமே இருக்கும் கலவையைக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. அதைத் தயாரிக்கும் முறைக்கும் அதே கதிதான். நம் கலவை வெறும் கூட்டு அல்ல என்று காட்ட, ஒரே துணி, ஒரே பேஸ்ட், ஒரே சூடு, ஒரே நேரம் வைத்து முதல் துண்டில் கலவையின் ஒரு பொருள், இரண்டாவதில் மற்றது, மூன்றாவதில் இரண்டும் என்று அச்சடித்துத் துவைத்து, தேய்த்துப் பார்க்க வேண்டும். எதிர்பாராத அளவுக்கு மூன்றாவது நிலைத்து நின்றால், அந்த அட்டவணைதான் விண்ணப்பத்தின் உயிர்.

நம்மவர்கள் கோட்டை விடுவது இன்னோர் இடத்தில். முதலில் பையருக்கு சாம்பிள், பிறகுதான் காப்புரிமை யோசனை. ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் முறையை விளக்கிவிட்டால், ‘இது புதிதல்ல’ என்று எதிர்த்தரப்பு சொல்ல நாமே வழிவிடுகிறோம். தற்காலிக விவரக் குறிப்பை முதலில் தாக்கல் செய்துவிட்டால், முழு விவரக் குறிப்பைக் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். சென்னை கிண்டியிலேயே காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. இணையத்திலும் தாக்கல் செய்யலாம்.

முறைக்கு மட்டும் உரிமை கேட்டு நிறுத்துவதும் சரியல்ல. அடுத்தவர் பட்டறைக்குள் என்ன சூடு வைக்கிறார் என்று எப்படி நிரூபிப்பது? ரசாயனப் பொருளுக்கே காப்புரிமை பெற 2005 முதல் இங்கே வழி உண்டு. கலவை உண்மையிலேயே புதிது என்றால் அதையும் உரிமைக்கோரலில் சேர்க்க வேண்டும். அப்போது, மீறலை நிரூபிக்க, சந்தையில் விற்கிற பேஸ்ட்டை டப்பாவோடு வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம்.