நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சின்ன விஷயத்துக்கும் கோபம் பொத்துக்கொண்டு வருவது ஏன்?

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வீடு திரும்புகிறீர்கள். பிள்ளை தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுகிறது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பீர்கள். இன்று கத்திவிடுகிறீர்கள். ஏன்?

உங்கள் குணம் ஒரே இரவில் மாறிவிடவில்லை.

அடுப்பில் பால் காய்கிறது. பொங்கி வரும்போது பக்கத்தில் நிற்பவர் தீயைத் தணிக்கிறார். அந்தத் தீதான் அமிக்டலா. மூளையின் உள்ளே பாதாம் பருப்பு அளவில் இருக்கிறது. பயமோ எரிச்சலோ, முதலில் துள்ளுவது அதுதான். பக்கத்தில் நிற்பவர், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி. 'பிள்ளைதானே, விடு' என்று சொல்வது அதன் வேலை.

தூங்காவிட்டால் என்ன ஆகும்? தூக்க ஆய்வாளர் மாத்யூ வாக்கரின் குழுவினர் இதை அமெரிக்காவில் சோதித்து, முடிவை 2007-இல் வெளியிட்டார்கள். சுமார் 35 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்கு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். தூங்கியவர்களைவிட அவர்களின் அமிக்டலா ஏறக்குறைய 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. நெற்றிப் பகுதியோடு அதன் தொடர்பும் தளர்ந்திருந்தது. தீயும் கூடுகிறது, அடுப்பைப் பார்ப்பவரும் கண் அசந்துவிடுகிறார்!

ஒரு ஷிஃப்ட் 35 மணி நேரம் இல்லைதான். ஆனால் உடல் கடிகாரம் பகல் தூக்கத்தை நீள விடாது. பற்றாக்குறை நாளுக்கு நாள் சேர்கிறது.

பகலில் நன்றாகத் தூங்க, ஜன்னலுக்குக் கெட்டித் திரை போடுங்கள். ஷிஃப்டின் பின்பாதியில் டீ வேண்டாம். பேசித் தீர்க்க வேண்டிய வீட்டு விவகாரத்தைத் தூங்கி எழுந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களே, ரேஷன் கடைக்குப் போகச் சொல்லி, நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரைப் பாதித் தூக்கத்தில் எழுப்பாதீர்கள்.