சுளுக்குத்தானே என்று விட்டுவிடலாமா?

அப்போது எனக்கு 16 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்கும் பக்கத்துத் தோட்டத்துக் குழுவுக்கும் ஆட்டம். பந்தைத் தலையால் முட்ட எகிறிய நான், இறங்கும்போது எதிராளியின் காலணி மீது கால் வைத்துவிட்டேன். பாதம் உட்புறமாக மடங்கியது. இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். "சுளுக்குத்தான், விடு" என்றார் அப்பா. அன்றிரவே தோட்டத்தில் சுளுக்கு வழிக்கும் தாத்தா ஒருவரை அழைத்து வந்தார்கள். சூடான எண்ணெய், அவருடைய இரண்டு கட்டைவிரல்கள், என்னுடைய அலறல் என அரை மணி நேரம் கழிந்தது. மறுநாள் காலையில் கணுக்கால் எது, ஆடுசதை எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு வீக்கம். மூன்றாவது வாரத்தில் பட்டணத்தில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் வெளிக்கணு எலும்பில் முறிவு இருப்பது தெரிந்தது. அதற்குள் எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கியிருந்தது.

அந்தத் தாத்தாவின் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கைக்குக் குணமான வாயுப்பிடிப்புகளும் கழுத்துப்பிடிப்புகளும் எத்தனையோ உண்டு. ஆனால், புதிதாகப் பட்ட அடி வேறு, பழைய பிடிப்பு வேறு. இந்த வேற்றுமையை அன்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. பின்னாளில் நான் பள்ளி மாணவர்களுக்குத் திடல்தடப் பயிற்சி அளிக்கத் தொடங்கியபோது முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போவதும் பெரும்பாலும் இதைப் பற்றியே.

கணுக்கால் ஏன் பெரும்பாலும் உட்புறமாகவே மடங்குகிறது? உங்கள் கணுக்காலின் இரு புறமும் தொட்டுப் பாருங்கள். வெளிக்கணு எலும்பு உட்கணுவைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். அதனால் பாதம் வெளிப்புறம் மடங்க அந்த எலும்பே தடையாகிறது. மேலும், எலும்பையும் எலும்பையும் கட்டி நிறுத்தும் பிணைநார் உட்புறத்தில் அகலமான, உறுதியான பட்டையாக இருக்கிறது. வெளிப்புறத்திலோ மெல்லிய மூன்று நார்கள்தாம். விரல் நுனி கீழே நோக்கியிருக்க உள்ளங்கால் உட்புறம் திரும்பினால், அந்த மூன்றில் முன்னால் இருக்கும் நார்தான் முதலில் கிழியும். கைப்பந்து, வலைப்பந்து, செப்பாக் தக்ரா, பூப்பந்து எதுவாயினும், குதித்து இறங்குகிற ஆட்டங்களில் எல்லாம் இதே கதைதான்.

நாம் சுளுக்கு என்று இலேசாகச் சொல்வது உண்மையில் இந்த நார்க் கிழிசல். நார் வெறுமனே இழுபட்டிருக்கலாம், பாதி கிழிந்திருக்கலாம், முற்றிலும் அறுந்திருக்கலாம். கிழிந்த இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அறுந்து, உள்ளே இரத்தம் கசிகிறது. அந்த நேரத்தில் சூடான எண்ணெய் ஊற்றி அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? குழாய்கள் விரியும், கசிவு பெருகும், கிழிந்த நார் இன்னும் கிழியும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள்களுக்குச் சூடு வேண்டாம், தேய்த்தல் வேண்டாம், மதுவும் வேண்டாம். கோடாலித் தைலத்தை மேலோட்டமாகத் தடவினால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. தைலப் புட்டி கைக்கு வந்தால் கட்டைவிரல் சும்மா இருக்காது என்பதுதான் என் அச்சம்.

பின் என்னதான் செய்வது? ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரத் துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். வெறும் ஐஸைத் தோலின் மேல் நேரடியாக வைத்தால் தோல் புண்ணாகும். முதல் நாளில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்யலாம். அடுத்து, இழுபடும் கட்டுத்துணியால் விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றிக் கட்டுங்கள். விரல் நுனி வெளிறினாலோ மரத்துப்போனாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். படுக்கும்போது தலையணை வைத்து, நெஞ்சு மட்டத்துக்கு மேலே காலை உயர்த்தி வையுங்கள்.

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற இந்த நான்கையும் ஒரே சொல்லில் அடக்கி 1978இல் தம் நூலில் எழுதியவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர். உலகம் முழுவதும் பயிற்றுநர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். அதே மருத்துவர் 2014இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வேலையின் ஒரு பகுதி என்றும், ஐஸும் நீண்ட ஓய்வும் அந்த வேலையைத் தாமதப்படுத்தலாம் என்றும் அவரே எழுதினார். ஆகவே இன்று ஐஸை வலி தணிக்கும் கருவியாக மட்டும், அதுவும் முதல் ஓரிரு நாள்களுக்குக் கொள்வதே பொருத்தம். வாரக்கணக்கில் ஐஸ் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே கிடப்பது பழைய முறை. வலி பொறுக்கும் அளவில் சீக்கிரமே அசைக்கத் தொடங்க வேண்டும்.

அசைப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். எலும்பு முறிந்திருக்கிறதா, இல்லையா? "நடக்க முடிகிறதே, முறிந்திருக்காது", "விரலை ஆட்டுகிறானே, முறிவு இல்லை" என்பார்கள். விரலை ஆட்டும் தசைகள் வேறு, முறியும் எலும்பு வேறு. அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் இதற்கு எளிய விதி ஒன்றை வகுத்தார்கள். இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் அதைக் கையாளுகிறார்கள். கணுக்காலில் வலியிருந்து, வெளிக்கணுவின் அல்லது உட்கணுவின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை, எலும்பையே விரலால் அழுத்தும்போது வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். பாதத்தின் நடுப்பகுதியில் வலியிருந்தால், அதன் வெளியோரத்தில் புடைத்திருக்கும் எலும்பையும், உட்புறம் கணுவுக்கு முன்னால் உள்ள எலும்பையும் அவ்வாறே அழுத்திப் பார்க்க வேண்டும். இவை எதிலும் வலி இல்லாவிட்டாலும், அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் அப்போதும் எக்ஸ்ரே வேண்டும். நொண்டி நடந்தாலும் நடைதான். இந்த விதி தரும் சோதனையில் தேறிய காலில் முறிவு இருப்பது மிக அரிது. என் காலுக்கு அன்று யாரேனும் வெளிக்கணுவின் பின்னால் ஒரு விரல் வைத்து அழுத்திப் பார்த்திருந்தால் போதும்!

முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு வருகிற வேலையைத்தான் நம் பிள்ளைகள் செய்வதே இல்லை. வலி போனதும் திடலுக்கு ஓடிவிடுகிறார்கள்; அடுத்த மாதம் அதே கால் மறுபடியும் மடங்குகிறது. ஏன் தெரியுமா? பிணைநார் கயிறு மட்டும் அன்று. பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முனைகளும் அதில் உள்ளன. நார் கிழிந்தால் அந்தச் செய்தியும் மங்குகிறது. அதை மீட்க மருந்து கிடையாது, பழக்கம்தான் உண்டு. உட்கார்ந்த நிலையில் காலைத் தூக்கி, கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதச் சொல்வேன். எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்றல். பல் துலக்கும் நேரம் அதற்குப் போதும். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்துக் குதிகால் உயர்த்தல், நேர் ஓட்டம், பிறகு எட்டு வடிவில் வளைந்து ஓடுதல். ஒற்றைக் காலில் குதித்து வலியின்றி இறங்க முடிந்த பிறகே ஆட்டம்.

2012ஆம் ஆண்டு மே மாதம் சீனாவின் வூஹான் நகரில் நடந்த தாமஸ் கிண்ணப் போட்டியில் நம் லீ சோங் வெய், டென்மார்க்கின் பீட்டர் கேடுக்கு எதிராக ஆடும்போது கணுக்கால் பிணைநார் காயமுற்று ஆட்டத்தின் நடுவே விலகினார். மூன்று மாதம் முடிவதற்குள் இலண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் லின் டானுடன் மூன்று செட் ஆடி வெள்ளி வென்றார். அதைச் சொல்லிக்காட்டி, "அவரே ஆடினார், நீ ஏன் ஆடக்கூடாது?" என்று பிள்ளைகளைத் தள்ளும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவரைச் சுற்றி ஒரு மருத்துவக் குழுவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

கணுக்காலோடு ஒத்துப் பார்த்து ஏமாறக்கூடிய காயம் ஒன்று உண்டு. நாற்பது வயதைத் தொட்டவர். வாரம் முழுவதும் அலுவலக நாற்காலி, சனிக்கிழமை இரவு பூப்பந்து மண்டபம். பின்னால் எட்டிப் பாய்கிறார். யாரோ குதிகாலுக்கு மேலே உதைத்தாற்போல் உணர்ந்து திரும்பிப் பார்க்கிறார், யாரும் இல்லை. குதிகால் நாண் அறுந்துவிட்டது. வேதனை என்னவென்றால், அவரால் மெல்ல நடக்கவும் முடியும், பாதத்தைச் சற்று அசைக்கவும் முடியும். எனவே சுளுக்கு என்றே வீட்டில் கிடப்பார். அவரைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, ஆடுசதையைக் கையால் பிழியுங்கள். நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். நாண் அறுந்த காலில் அசையாது. அப்படியானால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

முழங்காலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரும்பும்போது உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல் வீக்கம் என்றால் மூட்டுக்குள் இரத்தம் சேர்கிறது என்று கருத வேண்டும். முன்பிணைநார் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பெயினின் பூப்பந்து வீராங்கனை கரோலினா மரின் 2019இலும் 2021இலும் இவ்வாறு இரு முழங்கால்களிலும் காயமுற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னணியில் இருந்தபோது மீண்டும் முழங்கால் காயத்தால் விழுந்து அழுததை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். இக்காயம் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஏற்படுகிறது. ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம் முறையாகக் குதித்து இறங்கவும் சமநிலை காக்கவும் பழகினால் இத்தகைய காயங்கள் குறைகின்றன என்பது பல நாடுகளில் மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. திடலை இரண்டு சுற்று ஓடிவிட்டு 'வார்ம்-அப்' முடிந்தது என்பது போதாது.

தலையில் அடிபட்டவர் மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று எண்ணாதீர்கள். மயக்கமே இல்லாமலும் மூளை அதிர்ச்சி உண்டாகும். எந்தக் குழுவோடு ஆடுகிறோம், எத்தனை கோல் ஆயிற்று என்று கேளுங்கள். தடுமாறினால் அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. தலைவலி கூடிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்று தோன்றினாலும் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள். நம் வெயிலில் ஓடும் பிள்ளை உளறத் தொடங்கினாலும் அப்படியே. ஆனால் வண்டி வரும்வரை காத்திராமல், முதலில் நிழலில் கிடத்தி, தண்ணீரும் ஐஸும் கொண்டு உடலைக் குளிரச் செய்துகொண்டே இருங்கள். குளிர்வித்தல் முதலில், பயணம் பிறகு.

கடைசியாக ஒரு பிள்ளையின் நினைவு. 800 மீட்டர் ஓடும் மாணவி. மாவட்ட நிலையில் வென்று மாநிலப் போட்டிக்குப் போக இன்னும் மூன்று வாரம். ஓட்டத்தில் அவள் இடக்கால் சற்றுச் சுருங்கி விழுவதைக் கண்டு கேட்டேன். "ஒன்றுமில்லை சார்" என்றாள். நான்காவது முறை கேட்டபோதுதான் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் மேல் ஓரிடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினாள். தசை வலி என்றால் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள். ஒற்றை விரலால் காட்டுகிற வலி, இரவிலும் வலிக்கிற வலி, எலும்பில் நுண்ணிய வெடிப்பின் அடையாளமாக இருக்கலாம். தொடக்கத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்.

"ஏனம்மா முன்பே சொல்லவில்லை?" என்றேன்.

"அப்பா ஓவர்டைம் பார்த்து ஸ்பைக் வாங்கித் தந்தார் சார்" என்றாள்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், புதுக் காலணியைப் பெட்டியில் வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினார். "அடுத்த வருஷத்துக்கும் கால் அளவு சரியாக இருக்குமா சார்?" என்று மட்டும் கேட்டார். அரை அளவு பெரிதாகத்தான் வாங்கியிருந்தார். மறு ஆண்டு மாநிலப் போட்டியில் அவள் அதைத்தான் அணிந்து ஓடினாள், நான்காவதாக வந்தாள்.